மிஞ்சிய துண்டு

அலமாரியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று ஆய்வக உதவியாளர் மேல்தட்டையே கவிழ்த்துவிட்டார். பிளாஸ்டிக் மனித உடல் மாதிரி, குடலும் ஈரலுமாகத் தரையில் சிதறியது. மணி அடித்தால் வகுப்பு. உடல் முழுதாக இல்லாவிட்டால் அவர் வேலைக்கே வேட்டு. வியர்க்க விறுவிறுக்க எல்லாவற்றையும் பொருத்தி மூடியபோது, கையில் பழுப்பாக ஒரு துண்டு மிஞ்சியது.

மண்ணீரலா? அது உள்ளே இருந்தது. சிறுநீரகமா? இரண்டும் இருந்தன. தன் விலாவையே தடவிப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை.

அந்தப் பக்கம் வந்த கணக்கு வாத்தியாரிடம் கேட்டார்.

"எனக்கென்னப்பா தெரியும்? உனக்குள்ளயும் ஒண்ணு இருக்கும், தேடிப் பாரு!"

மணியும் அடித்தது, விலங்கியல் டீச்சரும் வந்தார்.

"டீச்சர், நான்தான் தள்ளிவிட்டுட்டேன். இந்த பொம்மை ஆளுக்கு ஏதோ ஒண்ணு குறையுது."

டீச்சர் வாங்கிப் பார்த்தார்.

"அவனுக்கு ஒண்ணும் குறையலண்ணே. இது அதே தட்டுல இருந்த டைனோசர் சாணி. கல்லா மாறினதை அச்செடுத்து பிளாஸ்டர்ல வார்த்தது."