நான்கில் குதித்தவர்கள்

அந்தப் பாட்டில் எட்டு எண்ணிய பிறகுதான் குதிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் நான்கிலேயே குதித்தார். அவருக்கு எதிரே நின்ற வெள்ளைக்கோட்டுக்காரியும் நான்கிலேயே குதித்தாள்.

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. அன்று விருந்துக் கூடத்தில் அறுபது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு மட்டும் அது பெரிய விஷயமாகிவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மணிப்பாட்டு என்று சொல்வோம். தொடக்கத்தில் மூன்று முறை மணி அடிக்கும். பிறந்தநாளா, கல்யாணமா, கடைத் திறப்பா, எதுவானாலும் அந்த மணி அடித்தே தீரும். பதினைந்து வருடமாக அடிக்கிறது. “ஐயோ, இதைத் தவிர வேற எதையாவது போடுங்களேன்” என்று கெஞ்சியவர்கள்தான் மணி கேட்டதும் முதல் ஆளாக எழுந்து ஓடுவார்கள். பிறகு வழக்கமான கூத்து. ஒரு பெரியப்பா டையைக் கழற்றித் தலையில் கட்டுவார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நான்கு பெண்கள் வட்டம் போடுவார்கள். இரண்டு கையையும் தூக்கி பல்பு மாட்டுகிறவர் ஒருவர் நிச்சயம் உண்டு. “எனக்கு ஆடவே வராதுப்பா” என்று தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை இழுத்துவர மூன்று பேர். இழுத்துவந்த பிறகு அவரை நிறுத்த ஆறு பேர். பாட்டின் நடுவில் மேளம் சட்டென்று நிற்கும். எட்டு எண்ணிக்கைக்குச் சத்தமே இருக்காது. எல்லோரும் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேளம் மறுபடி விழுந்ததும் தரை அதிரக் குதிப்பார்கள்.

அந்த எட்டு எண்ணிக்கைதான் எனக்கு ஆகாது. நான் ஆட்டமும் உடற்பயிற்சியும் சேர்ந்த வகுப்பு நடத்துகிறேன். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்மாடிக் கூடத்தில், மாலை ஐந்து மணிக்கு, முப்பது பெண்கள். எட்டு எண்ணும்வரை சும்மா நிற்கவிட்டால் யாராவது ஒருத்தி மாமியார் கதையை ஆரம்பித்துவிடுவாள். அப்புறம் மேளமாவது தாளமாவது. அதனால் கம்ப்யூட்டரில் போட்டு நான்கை வெட்டி எறிந்தேன். நான்கு எண்ணு, குதி, உடனே அடுத்த நான்குக்குக் கண்ணாடித் துடைப்பு. அதாவது இடது உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே நீட்டி, வலது கையால் அதன்மேல் வட்ட வட்டமாகத் துடைத்து, கண்ணைப் பாதி மூடி இடுப்பை ஆட்ட வேண்டும். அது என் வகுப்பின் முத்திரை. எந்த விருந்தில் யார் நான்கில் குதித்துக் கண்ணாடி துடைத்தாலும் “டீச்சர் கிளாஸா?” என்று கேட்டுவிடுவார்கள். அந்த ஸ்டெப் என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நானும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

வெட்டிய பாட்டு என் போனில் இருக்கிறது. கூடத்து ஸ்பீக்கரில் செருகிய பென்டிரைவில் இருக்கிறது. வேறு எங்கும் கிடையாது. பெண்கள் கேட்டால்கூடக் கொடுக்க மாட்டேன். வீட்டிலேயே ஆடிக்கொள்ளலாம் என்று நின்றுவிடுவார்கள்.

இப்போது சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர். வயது நாற்பத்தொன்பது. கேட்டால் முட்டி வலி என்பார், என் தங்கை கல்யாணத்தில்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தக் கடையின் முன்னறையில் கண் பரிசோதிக்கிறவள் வெள்ளைக்கோட்டுக்காரி. சேர்ந்து ஒரு வருடம், வயது இருபத்தாறு, கன்னத்தில் குழி வேறு. இரண்டு பேரும் என் வகுப்புப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அப்படியிருக்க இரண்டு பேரும் என் வெட்டுப்படி குதிக்கிறார்கள் என்றால், எங்கோ ஓர் இடத்தில் சேர்ந்து ஆடிப் பழகியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். குதித்த பிறகு இருவரும் கண்ணாடி துடைக்கவில்லை. நான்கு எண்ணிக்கைக்கு அசையாமல் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதாகத்தான் எனக்குப் பட்டது.

அது கடையின் இருபத்தைந்தாம் ஆண்டு மதிய விருந்து. நான் கை கழுவப் போயிருந்தேன். திரும்பி வரும்போது கதவோரம் நின்று பார்த்ததுதான் இவ்வளவும். நான் இருக்கைக்கு வருவதற்குள் அவர் போய் உட்கார்ந்துவிட்டார். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பது போல ஒரு முகம்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். “மணிப்பாட்டு போட்டாங்களே, ஆடினீங்களா?”

“நானா? இந்த முட்டிய வெச்சுக்கிட்டா? உக்காந்து கை தட்டினேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். ஆடியதைக்கூட மன்னித்திருப்பேன். பொய் சொன்னாரே, அதுதான் என்னைக் கொன்றது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பொய் சொல்லி நான் பிடித்ததில்லை. இத்தனை நாள் சொல்லவே இல்லையா, இல்லை நான்தான் பிடிக்கவில்லையா என்று அன்றிலிருந்து ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது.

தங்கைக்குப் போன் போட்டேன். அவள் ஆறுதல் சொல்லும் அழகே தனி.

“அக்கா, புதுச் சட்டை ஏதாவது எடுத்தாரா?”

“ஒண்ணு எடுத்தாரு. நீலக் கலர்.”

“போச்சு. போன எங்க வெச்சுட்டுக் குளிக்கப் போறாரு?”

“மேசை மேலதான்.”

“அப்ப சாமர்த்தியசாலி. உள்ள எல்லாத்தையும் அழிச்சிருப்பாரு. எதுக்கும் பாரு.”

மறுநாள் காலை அவர் குளிக்கும்போது பார்த்தேன். வெட்கமாக இருந்தது. மெசேஜ் ஒன்றும் இல்லை. பாட்டு என்று ஒன்றே ஒன்று இருந்தது. ‘மணி வெட்டியது’. நான் வைத்த பெயர், நான் வெட்டிய பாட்டு. கூடத்துச் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். எடுத்துப் போய்ப் பென்டிரைவிலிருந்து ஏற்றியிருக்கிறார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. கேட்க முடியாத காரணம் என்றால் என்ன காரணம்?

அன்று மதியமே கடைக்குப் போனேன், கண் பரிசோதிக்க வேண்டும் என்று. பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வந்தது அவருக்குத் தெரியாது. வெள்ளைக்கோட்டுக்காரி என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்கு ஒன்றும் குறுகுறுக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

“வாங்கக்கா, உக்காருங்க. அண்ணன் சொல்லவே இல்லையே நீங்க வர்றீங்கன்னு.”

அண்ணனாம். அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா?

இருட்டறையில் உட்காரவைத்து, கனமான இரும்புச் சட்டம் ஒன்றை என் மூக்கில் மாட்டினாள். ஒரு கண்ணை அடைத்தாள். லென்ஸை மாற்றி மாற்றிச் செருகினாள்.

“இது தெளிவா இருக்கா, இதுக்கு முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?”

“விருந்துல நல்லா ஆடினியேம்மா” என்றேன், எதிர்ச்சுவரின் எழுத்துகளைப் பார்த்தபடியே.

அவள் கை நின்றது. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

“பாத்தீங்களா?” என்று கன்னத்தில் குழி விழச் சிரித்தாள். “அண்ணன்தான்கா சொல்லிக்கொடுத்தாரு. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். அவங்க வீட்ல எல்லாரும் ஆடுவாங்க. எனக்குக் கையும் காலும் வேற வேற ஊருக்குப் போவும். சாப்பாட்டு நேரத்துல பேசிட்டிருக்கப்ப அழுதுட்டேன். அண்ணன்தான் பின்னாடி ரூம்ல வெச்சுச் சொல்லிக்கொடுத்தாரு. பேக்கிங் பண்ற அக்காவும் கூட நின்னு ஆடுவாங்க.”

“அவரா? அவருக்கு ஆட வராதேம்மா.”

“என்னக்கா இப்படிச் சொல்றீங்க! எவ்வளவு நல்லா ஆடுவாரு. நீங்கதான் சொல்லிக்கொடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். கேட்டா, ‘எங்க வீடு கூடத்துக்கு நேர் கீழ. மேல முப்பது பேர் ஆடினா கீழ எனக்குக் கணக்கு வந்துரும்’னாரு.”

என் ஒற்றைக் கண்ணில் எழுத்துகள் மங்கின.

“ஆனா குதிச்சதுக்கு அப்புறம் ஏன் சும்மா நின்னீங்க?”

“அங்கயா? அங்க எல்லாரும் ஏதோ துடைக்கிற மாதிரி பண்ணுவாங்கல்ல. அத மட்டும் சொல்லித் தரமாட்டேன்னுட்டாரு. ‘அது வேணாம்மா, அங்க நாலு எண்ணி நின்னுக்கலாம்’னாரு. ஏன்னு கேட்டேன், சொல்லல. அக்கா, வீட்ல கேக்காதீங்க. ‘வீட்ல தெரிஞ்சா சிரிப்பா’ன்னு சொல்லியிருந்தாரு. நான்தான் உளறிட்டேன்.”

கண்ணில் ஒன்றும் கோளாறு இல்லை, பழைய பவரே போதும் என்று சட்டத்தைக் கழற்றினாள். நான் பின்னறைப் பக்கம் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் என் வகுப்பின் முதல் ஆண்டு விழா. மணிப்பாட்டு போட்டேன். இவர் தானாகவே வட்டத்துக்குள் வந்தார். யாரும் இழுக்கவில்லை. சந்தோஷமாக வந்தார், என் விழா என்று. ஆடத் தெரியாது. நாள் முழுக்க லென்ஸ் துடைத்த கை. அதற்குத் தெரிந்ததைச் செய்தது. இடது உள்ளங்கை நெஞ்சுக்கு நேரே, வலது கை வட்ட வட்டமாக, கண் பாதி மூடி. நான் மைக்கில், “பாருங்கடி, இங்க வந்தும் கண்ணாடி துடைக்கிறாரு!” என்றேன். சொன்னதோடு விட்டேனா? அவர் எதிரிலேயே நின்று அதேபோல் ஆடிக் காட்டினேன். முப்பது பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார் என்றுதான் எனக்கு ஞாபகம். மறுநாள் வகுப்பில் “டீச்சர், அந்த ஸ்டெப்!” என்று கேட்டார்கள். சேர்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு முட்டி வலி வந்தது. தைலம் வாங்கிக் கொடுத்தவளும் நானேதான். ஒன்பது வருடமாக, தினமும் மாலை, அவர் தலைக்கு மேலே நான் “கண்ணாடித் துடைப்பு!” என்று கத்துவேன். முப்பது பெண்கள் சிரிப்பார்கள். அவர் கீழே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்.

அன்று மாலை வகுப்பில் பாட்டைப் போட்டேன். மூன்று முறை மணி அடித்தது. நான்கு எண்ணிக் குதித்தோம். நான் கத்தவில்லை. பெண்கள் தாமாகவே துடைத்தார்கள், சிரித்தார்கள். பாட்டை நிறுத்தினேன்.

“இனிமே அந்த ஸ்டெப் வேணாம்.”

“ஏன் டீச்சர்? அதுதானே நல்லா இருக்கும்!”

“வேணாம்னா வேணாம். அங்க நாலு எண்ணி நில்லுங்க.”

நின்றார்கள். முணுமுணுத்தார்கள். இரண்டு பேருக்குக் கை தானாகத் துடைத்தது. அதை நான் எப்படித் தடுப்பது? எத்தனை விருந்துகளில், எத்தனை பேர், என் வகுப்புக்கு வராதவர்கள்கூட, யாருடைய கை என்று தெரியாமலே துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கீழே வந்தேன். டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்குப் பாட்டு நடுவுல நின்னுச்சே” என்றார்.

“நிறுத்தினேன். அந்த ஸ்டெப்ப எடுத்துட்டேன்.” அவர் பக்கத்தில் போய் நின்றேன். “அன்னிக்கு நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாதுங்க.”

அவர் குழாயை மூடவில்லை. “என்னிக்கு?” என்றார்.

எந்த நாள் என்று அவருக்கா தெரியாது? விருந்தைப் பற்றிச் சொன்ன பொய்யைவிட இது பெரிய பொய். இந்த முறை நான் பிடிக்கவில்லை. “ஆடிக் காட்டுங்களேன், இங்க, நான் மட்டும்தானே” என்றேன். முட்டி வலி என்றார். தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டேன். காலை நீட்டிக்கொண்டார்.

வெள்ளைக்கோட்டுக்காரியின் கல்யாண விருந்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நீலச் சட்டை போட்டிருந்தார். சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மணி அடித்தது. கல்யாணப் பெண் மேடையிலிருந்து இறங்கி, “அண்ணே, வாங்க!” என்று கை நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். முட்டியைத் தொட்டுக் காட்டி அவளிடம் தலையசைத்தார்.

நான் எழுந்தேன். “கை கழுவிட்டு வரேன்” என்றேன்.

“அப்பவே கழுவினியே?”

“பிசுபிசுன்னு இருக்கு.”

கதவுக்குப் பின்னால் போய் நின்று, இடுக்கு வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அவர் அசையவில்லை. பிறகு எழுந்தார். நன்றாகத்தான் ஆடினார், இருபத்திரண்டு வருடத்தில் எனக்குத் தெரியாமல் போயிற்று. மேளம் நின்றது. கூட்டம் குனிந்தது. அவரும் அவளும் நான்கில் குதித்தார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். அந்த நான்கு எண்ணிக்கையில் ஒருமுறை கதவுப் பக்கம் சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தார்.

நான் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றேன்.