வாயில் நாலு குண்டூசி

தையல்காரருக்கு வாயைச் சுற்றி ரெண்டு வருஷமாகச் சிவந்து தடித்து ஒரே அரிப்பு. கத்திரிக்காயை விட்டார், மீனை விட்டார், ஆசையாக வளர்த்த மீசையையும் எடுத்துவிட்டார். கடைசியில் பழி மனைவியின் உதட்டுச்சாயத்தின் மேல் விழுந்தது. ஆறு மாதமாக அவளைக் கிட்டவே அண்டவிடவில்லை. அவள் பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்குத் தோல் டாக்டரம்மா ஒருவர் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வந்தார். தையல்காரர் வழக்கம்போல் நாலு குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, கீழே உட்கார்ந்து துணியை மடிக்க ஆரம்பித்தார். வாயில் ஊசி இருக்கும்போது யார் எதைக் கேட்டாலும் அவர் பதில் "ம்ம்"தான்.

டாக்டரம்மா அந்தத் தடிப்பையே பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாயில உலோகம் ஏதாவது வைக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

இதற்கு "ம்ம்" போதாது. தையல்காரர் நாலு ஊசிகளையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாயில உலோகமா? எனக்கென்ன பைத்தியமா, டாக்டர்?"

சொல்லிவிட்டு ஊசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். பக்கத்து மெஷின் நின்றது.

டெஸ்ட் எடுத்துப் பார்த்ததில் குண்டூசியின் நிக்கல் பூச்சுதான் அவர் தோலுக்கு ஆகவில்லை என்று தெரிந்தது. ஊசிகள் மணிக்கட்டில் கட்டிய குட்டிப் பஞ்சுமெத்தைக்கு இடம் மாறின. ரெண்டே மாதத்தில் வாய் பளிச்சென்று ஆனது.

ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, அவர் உதட்டைக் குவித்தபடி மனைவியை நெருங்கினார். அவள் நிதானமாக அவர் மணிக்கட்டிலிருந்து நாலு ஊசிகளை உருவித் தன் உதட்டில் கவ்விக்கொண்டாள்.

"ம்ம்" என்றாள்.