இரண்டு நிரை

ஐந்து மாதமாக நான் இரண்டு தேயிலைச் செடி நிரையில் கொழுந்து பறித்தேன். ஒன்று என்னுடையது, மற்றது லோஜினியுடையது. கேட்டால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. நாற்பத்தெட்டு வயதில் மலையில் இரண்டு ஆளாக நின்றால் இடுப்பு என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும்.

லோஜினி எங்கள் லய வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரி. பதினொரு வருடமாக எனக்கு அடுத்த நிரை அவளுக்கு. டயகமப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் ஒரு நாள் குளவி கிளம்பியது. செடிக்குள் கூடு இருந்ததை யாரும் பார்க்கவில்லை. நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. லோஜினியும், எங்களோடு பறிக்கிற மீனம்மாவும் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு படுத்தார்களாம். மீனம்மா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். லோஜினிக்கு ஏழு கொட்டு. வீக்கம் வடிந்து வீட்டுக்கு வந்தாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

எங்கே முடிந்தது? மறுபடி வேலைக்கு வந்த அன்றைக்கே, மலையில் கால் வைத்ததும் மூச்சு முட்டியது. நெஞ்சு அடிக்கிறது, கை மரத்துப்போகிறது, சாகப் போகிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். லொறியில் ஏற்றிக் கொண்டுபோனோம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டாம் தடவையும் ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை, நடிக்கிறாள் என்று லயத்தில் பேச ஆரம்பித்தார்கள். மீனம்மா ஆவியாகப் பிடித்திருக்கிறாள் என்று அவள் மாமியார் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார். கயிறும் கையில் இருந்தது, பயமும் இருந்தது.

கடைசியில் நானே ஒரு வழி பண்ணினேன். காலையில் அவள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டு, ரோட்டோரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் நிரையையும் நான் பறிப்பேன். கங்காணி அழகுமுத்து பார்த்தும் பார்க்காததுபோல் போனார். வேலையில் பேர் போனால் லயக் காம்பராவும் போய்விடும். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவள் எங்கே போவாள்?

முதலில் மலைதான் பயம். பிறகு மடுவத்துக்கு வெளியே வரப் பயம். அப்புறம் ஈ பறந்தால் பயம், த்ரீவீல் சத்தம் கேட்டால் பயம். அவள் வீட்டுத் தண்ணீரையும் நானே பிடித்துக்கொடுக்க ஆரம்பித்தேன். எனக்கு அலுத்துப்போயிருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வைகாசி கடைசியில் தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்தார். ஆடி முடிவதற்குள் ஆள் நிரையில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் பேரை வெட்டச் சொல்லிவிட்டார் என்று அழகுமுத்து வந்து சொன்னார். அந்த வாரமே அவளை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பைத்தியம் என்று பேராகிவிடும் என்று பஸ்ஸில் அழுதாள். பைத்தியம் என்றால் அது இரண்டு நிரை பறிக்கிற நான்தான் என்று அதட்டினேன்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நர்ஸ் ஜெனுஷா தமிழில் சொன்னார். மத்தியானம் தாண்டியும் அவர் சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. இது பதற்ற நோய், இவர் நடிக்கவில்லை என்றார். ஆபத்து வந்தால் ஓடச்சொல்லி உடம்பு அடிக்கிற மணி, ஆபத்து போன பிறகும் அடித்துக்கொண்டே இருக்கிறதாம். மாத்திரையைத் தினமும் போடவேண்டும், பலன் தெரிய நாலைந்து வாரமாகும், நடுவில் தானாக நிறுத்தக்கூடாது. அதோடு மலைக்கு மெல்ல மெல்லத் திரும்பவும் வேண்டும். முதலில் மடுவத்து வாசல், பிறகு ரோடு, பிறகு மலையடி, கடைசியில் நிரை. பயம் ஏறும். ஓடாமல் நின்றால் தானாக இறங்கும். ஓடினால் அடுத்த தடவை இன்னும் பெரிதாக வரும். இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதியும் கொடுத்தார்.

"இனி குளவி வராதுன்னு சொல்லுங்க மிஸ்," என்றாள் லோஜினி.

"அத என்னால சொல்ல முடியாது. வந்தா என்ன செய்யணும்னு ஒங்களுக்குத் தெரியும். செஞ்சுதானே உயிரோட இருக்கீங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, இவர் நிரையை இப்போது யார் பறிக்கிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன். மெச்சுவார் என்று நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அத நிப்பாட்டணும்க்கா. நீங்க பறிக்கிற ஒவ்வொரு நாளும், ஒன்னால முடியாதுன்னுதான் அவங்களுக்குச் சொல்றீங்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிப் பார்த்திருக்கிறாரா அந்தப் பெண் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் இடுப்புக்கு எண்ணெய் தேய்க்கும்போது, அப்பாடா, விட்டுவிடலாமா என்று ஒரு நிம்மதி வந்தது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் விடவில்லை. மாத்திரை போட்டு, மடுவத்து வாசல் தாண்டி, ரோடு தாண்டி, அவள் மலையடி வரைக்கும் வந்தாள். அங்கே நின்று நடுங்கினாள். என்னால் பார்க்க முடியவில்லை. "போதும் புள்ள, போய் ஒக்காரு, நான் பறிக்கிறேன்" என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த நாளும் அனுப்பினேன். இரண்டு வாரம் அவள் மலையடியைத் தாண்டவில்லை. அப்புறம் ரோட்டுக்கு வரவே முடியாது என்றாள். அடுத்த கிளினிக்கில் ஜெனுஷா கொப்பியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் திருப்பி அனுப்பியதால் வந்த வினை என்று எனக்கு விளங்கிவிட்டது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டேன். ஆடியில் நாலு நாள் மிச்சமிருக்கும்போது அவள் நிரைக்கு வந்தாள். நான் என் நிரையில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. திரும்பக்கூடாது, கை வைக்கக்கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம்.

"அக்கா, நெஞ்சு அடிக்குதுக்கா. இங்கிட்டு வாங்களேன்."

இரண்டு எட்டு வைத்தால் அவளிடம் போய்விடலாம்.

"வரமாட்டேன்," என்றேன். "நில்லு."

அப்படியொரு கொடுமையான சொல்லை நான் யாருக்கும் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் முட்டி, கொழுந்து எது, முற்றல் எது என்று தெரியாமல் கையில் வந்ததையெல்லாம் பறித்துப் போட்டேன். பின்னால் அவள் மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது. இதோ ஓடப் போகிறாள் என்று காத்திருந்தேன். வெகுநேரம். மூச்சு மெல்லத் தணிந்தது. பிறகு டக்கென்று ஒரு கொழுந்து ஒடிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொன்று.

துரை மேல் ரோட்டிலிருந்து பார்த்துவிட்டுப் போனாராம். பேர் தப்பியது. சாயந்தரம் மடுவத்தில் அழகுமுத்து அவள் பையை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன ஜீவராணி, இன்னைக்கி நீ இதுல ஒன்னும் போடலியா? பை காத்தா இருக்கு."

லோஜினி முந்திக்கொண்டாள். "காத்து இல்லீங்க கங்காணி. அது நான் பறிச்சது."

லயத்துக்கு இறங்கும் வழியிலும் அவள் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பிடிக்கப் போன என் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, நான் முன்னால் நடந்தேன்.