ராமலிங்கம் கடைக்கு வந்த கடல் மீன்

காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருந்த ராமலிங்கத்துக்கு மனக்குறை ஒன்றே ஒன்றுதான். முசரவாக்கத்து நிலத்தை விற்றுக் கடை போட்டு எத்தனையோ வருஷம் ஆகியும், சின்ன காஞ்சிபுரம் சன்னதித் தெருவிலிருந்து ஒரு கல்யாணப் புடவைகூட அவர் கடையில் எடுக்கப்படவில்லை. ஆந்திராவிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள், சென்னையிலிருந்து காரில் வந்தார்கள். ஆட்டோவில் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறவர்கள் மட்டும் எதிர்க்கடை ஆதிகேசவனிடம் போனார்கள். பெருமாளுக்குக் குடை உபயம் செய்துகூடப் பார்த்தார். குடை நன்றாக இருக்கிறது என்று தெருவே சொன்னது, கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தத் தெருவின் பட்டு விவகாரங்களுக்குப் பெருந்தேவி மாமிதான் சுப்ரீம் கோர்ட். ரிட்டயரான சம்ஸ்கிருத வாத்தியார் ஹயக்ரீவனின் மனைவி. மாமி எந்தக் கடையில் எடுக்கிறாரோ, அந்த வருஷத்துக் கல்யாணங்கள் எல்லாம் அந்தக் கடைக்குத்தான். 2008-ல் மாமியின் மகள் கோதாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ‘ராமலிங்கம் கடையில் எடுத்தோம்’ என்று மாமி வாயால் ஒரு தடவை வந்துவிட்டால் போதும், பிறகு கடையை மூடினால்கூடக் கவலையில்லை என்கிற அளவுக்கு ராமலிங்கம் ஏங்கிக் கிடந்தார்.

யோசனை சொன்னது மகன் பாலாஜி. இன்ஜினியரிங் படித்துவிட்டு இன்டர்நெட்டைத் தவிர எதையும் நம்பாதவன். கடை நடுவில் கடல் மீன் தொட்டி வைத்தால் ஊரே வரும், ஊர் வந்தால் மாமியும் வருவார் என்பது அவன் கணக்கு. மும்பையில் ஒரு கம்பெனி வெப்சைட்டிலேயே கடல் மீன் விற்கிறதாம். ராமலிங்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எதைப் பார்த்தாலும் புடவையாகப் பார்த்தே பழகியவர், மீனையும் அப்படித்தான் பார்த்தார். வரி வரியாக இருந்ததைப் பார்த்து, கோடு போட்டதெல்லாம் இப்போது யாரும் எடுப்பதில்லை என்று ஒதுக்கினார். புள்ளி வைத்தது பார்டரோடு சேரவில்லை. கடைசியில் ஒன்று அவர் மனசைப் பிடித்தது.

“ஒடம்பு ஆனந்தா புளூ, முந்தி மஞ்சள். இதுதாம்பா. இதே டிசைன்ல வேற கலர் இருக்குதான்னு கேளு” என்றார்.

வேறு கலர் இல்லை. இதிலேயே அரை டஜன் ஆர்டர் போட்டார்கள். தொட்டித் தண்ணீரில் கலக்க உப்பும் அந்தக் கம்பெனியிடமே வாங்க வேண்டுமாம். மகாபலிபுரத்துக் கடல் இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருக்க, உப்பைக் கூரியரில் வரவழைத்த முதல் காஞ்சிபுரத்துக்காரர் ராமலிங்கமாகத்தான் இருப்பார்.

தெர்மோகோல் பெட்டியில் மீன்கள் உயிரோடுதான் வந்தன. ஆனால் படத்தில் எரிந்த நீலம் இல்லை. அவர் மனைவி காந்தா எட்டிப் பார்த்துவிட்டு, சாயம் போன பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி இருக்கிறதே என்றாள். பாலாஜி மும்பைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தான். எதிர்முனைப் பெண் அலட்டிக்கொள்ளவே இல்லை. படம் நீல விளக்கில் எடுத்தது, வெளிச்சத்துக்குத் தகுந்தபடி நிறம் மாறும், விற்ற சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்றாள். ராமலிங்கத்துக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் கடை பில்லின் பின்பக்கத்திலும் அதேதான் அச்சடித்திருந்தது.

நீல விளக்கும் அவர்களிடமே கிடைத்தது. மீன் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று கடையின் மற்ற டியூப்லைட்டுகளைப் பாலாஜி அணைத்துவிட்டான். அவ்வளவுதான், மீன்கள் தகதகவென்று ஜொலித்தன. நாலைந்து நாளில் ஆட்டோக்காரர்கள் கடையை ‘மீன் கடை’ என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். அதுகூட ராமலிங்கத்துக்கு வலிக்கவில்லை. ஏனென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை, கோதாவை அழைத்துக்கொண்டு பெருந்தேவி மாமி படியேறி வந்தார்.

இந்த நாளுக்காகவே தனியாக நெய்யச் சொல்லி வைத்திருந்த அரக்குக் கூறைப்புடவையை எடுத்தார் ராமலிங்கம். கலப்பில்லாத பட்டு, அசல் ஜரிகை. அந்தக் கடையில் அவர் பொய்யே சொல்லத் தேவையில்லாத ஒரே புடவை. மாமி முன்னால் விரித்துப் போட்டார்.

மாமி முகம் சுருங்கியது. “கல்யாணத்துக்குக் கறுப்பா?”

நீல வெளிச்சத்தில் அரக்கு கரி மாதிரி கிடந்தது. பதறிப்போய் நீல விளக்கை அணைக்கச் சொல்லி, டியூப்லைட்டுகளைப் போடச் சொன்னார். புடவை சிவந்தது. அதே நிமிஷம் தொட்டியில் ஆறு மீன்களும் சாயம் போய் நின்றன. கடையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

“இதுல எது நிஜம்?” என்று கேட்டார் மாமி.

“பொடவைதான் நெசம் மாமி. மீனுதான் லைட்டுல அப்படித் தெரியுது” என்றார் ராமலிங்கம். புடவையைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை.

அவ்வளவுதான். கடையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தியும் மடியிலிருந்த புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனாள். ஊதா நீலமானது, மயில் கழுத்து வெறும் பச்சையானது. பாதிப் பேர் புடவையைப் படியிலேயே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். மாமியும் அரக்கை வெயிலில் பிடித்தார். முந்தி, கரை, உள்பக்கம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நன்னா இருக்கு. ஒரு குத்தம் சொல்ல முடியாது. எடுத்துக்கறோம்” என்றார் மாமி.

ராமலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமி குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு உபகாரம் பண்ணணும். உங்க கடைப் பையில போட வேண்டாம். தெருவுல பாத்தா, இதுவும் லைட்டுல மினுக்கினதுதானேன்னு சொல்லுவா. எதிர்க்கடைல ஒரு பை வாங்கிண்டு வரச் சொல்லுங்கோ.”

பாலாஜி போக மாட்டேன் என்றுவிட்டான். ராமலிங்கமே ரோட்டைக் கடந்தார். ஆதிகேசவன் காரணம் எதுவும் கேட்கவில்லை. பெரிய பை வேண்டுமா, சின்னது போதுமா என்று மட்டும் விசாரித்தார். அவர் பெயர் பொறித்த அந்தப் பையில், தன் புடவையை ராமலிங்கம் தன் கையாலேயே மடித்து வைத்தார்.

தை மாதக் கல்யாணத்துக்கு அவருக்கும் பத்திரிகை வந்தது, போனார். மண்டபம் முழுக்கக் கூறைப்புடவையைப் பற்றித்தான் பேச்சு. எங்கே எடுத்தது என்று கேட்ட எல்லோரிடமும் மாமி ஆதிகேசவன் பெயரைச் சொன்னார். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பிள்ளை வீட்டுப் பெரியவர், ராமலிங்கமும் பட்டு வியாபாரி என்று தெரிந்ததும், உங்கள் கடைக்கு இந்த மாதிரி சரக்கெல்லாம் வராதா என்று கேட்டார்.

ராமலிங்கம் இலையைப் பார்த்தபடி, “எங்க கடையில மீனுதாங்க இருக்குது” என்றார்.