குழலில் நின்ற குண்டு

கீழைவானம் வெளுத்தும் வெளுக்காமலும் இருந்த பொழுதில், கரைகளைத் தின்று தீர்த்த ஆறானது, வயலென்றும் வழியென்றும் வேறுபாடு காணாமல் பரந்து, வேலிகளை விழுங்கி, மரங்களைக் கழுத்தளவில் நிறுத்தி, மண்ணின் நிறத்தையே தன் நிறமாகப் பூண்டு, ஆரவாரமின்றி நகர்ந்துகொண்டிருந்தது. அப்பெரும் பரப்பின் நடுவே தலைநீட்டி நின்றது தவசக் கிடங்கு ஒன்றே. கீழ்த்தளத்து நெல்மூட்டைகள் நீருண்டு பருத்துத் தையல் விட்டு வாய்பிளக்க, மேல்தளத்து ஒற்றையறையில் நான்கு உயிர்கள் அடைபட்டுக் கிடந்தன. படிக்கும் பெருந்தகையீர், ஐந்து என்பதே சரியான கணக்கு; ஐந்தாம் உயிர் இன்னும் உலகைக் கண்டிருக்கவில்லை.

கிடங்கின் காவலர், அவர் மனைவி, நிறைசூலியான மகள், அவளைக் காணவந்து வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட மருமகன் ஆகியோரே அந்நால்வர். காவலர் துப்பாக்கியோடே வாழ்ந்து செவிமந்தம் எய்தியவர், எதைச் சொன்னாலும் ஒருமுறை "என்ன?" என்று கேட்ட பின்னரே விடை தருவார். மருமகனோ நகரத்தில் குழாய்வேலை செய்பவன். வெள்ளை பூசி வெளுத்து நிற்கும் சுவரைக் கையால் தடவியே, உள்ளே எங்கே நீர் கசிகிறது என்று காட்டவல்ல கைகாரன். அத்தகையவன் செய்த மடமையையே இங்குச் சொல்லப் புகுந்தேன்.

நீர் கிடங்கினுள் புகுந்த அன்று, தோட்டாப் பெட்டி கீழ்த்தளத்திலேயே தங்கிவிட்டது. மார்பளவு நீரில் இறங்கி அதை மீட்டுவந்தவன் மருமகன். பெட்டியைத் திறந்தபோது தோட்டாக்கள் அனைத்தும் சேற்றுநீரில் மூழ்கிக் கிடந்தன. மாமனார் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நனைஞ்சது நனைஞ்சதுதான், மாப்பிள்ளை. இனி அதை நம்ப முடியாது. தனியா வச்சிடுங்க, தண்ணி வடிஞ்சதும் வாங்கின இடத்துல திருப்பிக் கொடுத்துடலாம்" என்றார்.

உயிரைப் பணயம் வைத்துக் கொணர்ந்ததை ஒரே சொல்லில் தள்ளிவிட்டாரே என்று அவன் முகம் தொங்கிப்போயிற்று. அவ்வீட்டில் அவன் ஏதொன்றுக்கும் உதவாத விருந்தாளி என்பதை எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் குடிநீர் மொண்டுவர எழுந்தாலும், "நீங்க உட்காருங்க மாப்பிள்ளை" என்று மாமியார் சொல்லும் இனிய சொல்லே அவனை முள்ளாய்த் தைத்துக்கொண்டிருந்தது. மாமனார் தோட்டா செருகும் தோல்வாரில் பாதிக் கண்ணறைகள் வெறுமையாய் இருக்கக் கண்டவன், எவரும் காணாதபோது நனைந்த தோட்டாக்களைத் துண்டால் துடைத்து, அடுப்பின் வெதுவெதுப்பில் நிறுத்தி உலர்த்தினான். வெடிமருந்தை நெருப்பினருகே வைத்ததே ஒரு மடமை. பித்தளை பளபளக்கக் கண்டு மகிழ்ந்து, அவற்றை வாரின் வெற்றறைகளில் செருகி, நல்லவற்றோடு கலந்து வைத்தது அதனினும் பெரிய மடமை. சுவரின் உள்ளீரத்தைத் தேடிப் பிழைப்பவன், பித்தளையின் உள்ளீரத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

முற்கூறிய அந்த விடியலில் மகளுக்குப் பேறுகால நோவு கண்டது. மாமியார் புடவையொன்றைத் திரையாகக் கட்டி அவளுடன் உள்ளே அமர்ந்தார். மருமகன் பலகணிக்கும் திரைக்கும் இடையே நடந்து நடந்து, கூண்டிலிட்ட கிளியைப் போல் உழன்றான். அப்போதுதான், தொலைவில் மரத்தலைகளின் ஊடே மீட்புப் படகொன்று தென்பட்டது.

"மாமா! படகு!"

"என்ன?"

"படகு மாமா, படகு!"

மாமனார் துப்பாக்கியைப் பலகணியிலிருந்த மூட்டைமேல் சாய்த்து, வானை நோக்கிக் குழலை உயர்த்தினார். இடைவிட்டு மூன்று வெடி கேட்டால் உதவி வேண்டுவோர் உள்ளனர் என்பது அப்பகுதியின் வழக்கம். விசை அழுந்தியது. எழுந்ததோ வெடியன்று, ஈரத்துணியைக் கல்லில் போட்டாற்போல் "பொத்" என்றோர் ஓசை. மூட்டையே உதைப்பைத் தாங்கிக்கொண்டதால் அவர் தோள் வேறுபாட்டை உணரவில்லை. செவியோ உணரும் நிலையில் இல்லை. துப்பாக்கியின் பின்பூட்டை இழுத்து வெற்றுக்கூட்டை வீழ்த்தி, வாரிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்தார்.

மருமகன் அவ்வோசையை இனங்கண்டான். வெடிக்கத் தவறிய வெடியன்று அது, பாதி வெடித்தது. குழாயின் வாய் அடைபட்டிருக்க, பின்னாலிருந்து முழு விசையோடு நீரைத் தள்ளினால் குழாய் என்னாகும் என்பதை அவனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதற்குண்டு வெளியேற வலுவின்றிக் குழலுக்குள்ளேயே நின்றிருக்குமாயின், அடுத்தது அவர் முகத்தருகே குழலைப் பிளந்துவிடும். ஆனால் சொன்னால்? தான் செய்தது வெளிப்படும், படகு போய்விடும், திரைக்கப்பால் அவள் அலறுகிறாள். சொல்லாவிட்டால் ஒருவேளை ஒன்றும் நேராமலும் போகலாம். அந்த ஒருவேளையைப் பற்றிக்கொண்டு அவன் நின்றான். மாமனார் தோட்டாவை இட்டுப் பூட்டினார்; விரல் விசையைத் தொட்டது.

"சுடாதீங்க மாமா!" என்று பாய்ந்து அவர் கையைப் பற்றினான். "அது நனைஞ்ச தோட்டா. நான்தான் காயவச்சு வார்ல கலந்துட்டேன். சரியா வெடிக்கல, குண்டு உள்ளயே நிக்குது!"

இம்முறை அவர் "என்ன?" என்று கேட்கவில்லை. தோட்டாவை வெளியே எடுத்தார், பூட்டைக் கழற்றினார், பின்புறமிருந்து குழலினூடே வானைப் பார்த்தார். பின் குழலை மருமகனிடம் நீட்டினார். அவனும் பார்த்தான். மறுமுனையில் தெரியவேண்டிய ஒளிவட்டம் இல்லை. கிணற்றின் அடிபோல் இருளே நின்றது. எது நனையாதது, எது நனைந்து உலர்ந்தது என்று பிரித்தறிய வழியின்றி வாரிலிருந்த தோட்டாக்கள் அனைத்தும் ஒன்றுபோல் மின்னின. படகு மரங்களுக்குப் பின்னே மறைந்தது.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" என்று திரைக்குள்ளிருந்து மாமியார் கதறினார்.

மாமனார் மருமகனைப் பார்த்தார். பின் திரையின் பக்கம் திரும்பி, "துப்பாக்கி கெட்டுப்போச்சு" என்றார்.

அடித்திருந்தாலும் அவனுக்கு அவ்வளவு வலித்திராது. செய்வதறியாது நின்றவன் கண்ணில், கூரைநீர் இறங்கும் இரும்புக்குழாய் பட்டது. தன் கருவிப்பையிலிருந்து, குழாய் திருகும் இரும்புப் பெருந்திருகியை எடுத்துப் பலகணிக்கு வெளியே உடலை நீட்டி, மும்மூன்றாய், இடைவிட்டு, அக்குழாயை அறையத் தொடங்கினான். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தும் நிறுத்தவில்லை. அறைந்துகொண்டிருக்கையிலேயே திரைக்கப்பால் அலறல் நின்றது; பிறகு, சினந்தாற்போல், ஒரு புதுக்குரல் எழுந்தது.

பொழுது சாயத் திரும்பிவந்த படகு அவ்விரும்போசையைக் கேட்டுக் கிடங்கை அணுகியது. "காலைலயும் இந்தப் பக்கமாத்தானே போனோம்! ஒரு வெடி வச்சிருக்கக் கூடாதா?" என்று படகோட்டி கடிந்துகொண்டார். மருமகன் வாய்திறக்க முற்பட்டான். மாமனார் முந்திக்கொண்டு, "என்ன?" என்றார். படகோட்டி கையை உதறிவிட்டுத் துடுப்பைப் பற்றினார்.

மாமியாரையும் மகளையும் படகில் இருத்தியபின், குழந்தையைத் தாங்கியபடி மாமனார் இறுதியாய் இறங்கினார். தடித்து, நகம் கறுத்து, மருந்துப்புகை படிந்த அவ்விரு கைகளையே மருமகன் நோக்கியிருந்தான். சின்னஞ்சிறு தலையின் கீழ் ஐந்து விரல்கள் விரிந்திருந்தன. முதுகின் கீழ் ஐந்து விரல்கள் வளைந்திருந்தன. அவன் அவற்றை எண்ணினான்; நம்பாதவன்போல் மீண்டும் எண்ணினான்.

"பார்த்துப் பிடிங்க, மாப்பிள்ளை" என்று அவர் குழந்தையை நீட்டினார்.

புண்பட்ட கையில் அதை வாங்கியவன் விம்மி அழுதான். வெள்ளம் வடிந்து வழிகள் தெளிந்த பின்னும், அக்குழவி வளர்ந்து தன் பாட்டனின் விரலைப் பற்றி நடக்கக் காணுந்தோறும், வெளியே உலர்ந்து உள்ளே நனைந்திருந்த அந்தக் காலையை அவன் மறந்தானில்லை.