பதினொரு நாள் சம்பளமும் நான் எழுதிய பொய்களும்

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: பக்கத்து வீட்டிலிருந்து. பெங்களூரு வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வித்யாலட்சுமி என்று ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய இரண்டு வயது மகளைப் பார்த்துக்கொள்ள ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள் மௌரீன்.

'மௌரீன் ஓர் ஏழை...' (சீ, வேண்டாம்.)

'அன்று காலை வெயில்...' (வெயிலுக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?)

நேராகவே சொல்கிறேன். ஏப்ரலில் வித்யாலட்சுமி குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்ப் பதினொரு நாள் தங்கினாள். மாதக் கடைசியில் மௌரீனுக்குப் பதினொரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

2

"மேடம், நான் ஒரு நாள்கூட லீவு போடலியே?"

"ஆப்ல பாருங்க மௌரீன். உங்க என்ட்ரியே இல்ல."

(வேலைக்கு வருகிறவர்கள் கேட்டில் தங்கள் நம்பரை அழுத்தினால்தான் வருகை ஆப்பில் பதிவாகும். ஆப்பை நம்புகிற அளவுக்கு நாங்கள் ஆளை நம்புவதில்லை.)



"நீங்கதானே மேடம் ஊருக்குப் போனீங்க? பூட்டின வீட்டுக்கு வந்து நான் யாரப் பாத்துக்கறது? அஞ்சாந்தேதி வாடக குடுக்கணும். சும்மா கேக்கல."

அதற்கு வித்யாலட்சுமி... (எட்டுத் தடவை எழுதிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. அவள் ஃபோனை எடுத்து ஆப்பைத் திறந்தாள் என்பதுதான் உண்மை.)

3

மறுநாள் காலை எட்டு மணி. மௌரீன் கேட்டில் நம்பரை அழுத்தினாள். சிவப்பு விளக்கு. மறுபடி அழுத்தினாள். சிவப்பு.

செக்யூரிட்டி சுனில் திரையைப் பார்த்தான். "சொல்ப, கொஞ்சம் இருங்கக்கா... மேடம் ஆப்லேர்ந்து உங்க பேர எடுத்துட்டாங்க."

அவள் கேட்டது தன் சம்பளத்தை. அதற்கு வேலையே போய்விடுமா? ஒன்றரை வருடம் இடுப்பில் தூக்கித் திரிந்த குழந்தைக்கு ஒரு டாட்டாகூடக் காட்ட முடியாதா? அவள் அங்கிருந்து நகரவில்லை.

4

முடிவு ஒன்று: வித்யாலட்சுமி மனம் மாறிப் பணத்தை அனுப்பிவிடுகிறாள். (நீங்களே நம்பமாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: மற்ற வீட்டு வேலைக்காரப் பெண்களும் மௌரீனோடு கேட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். (எனக்கும் ஆசைதான். ஆனால் அவர்கள் பெயரும் அதே ஆப்பில்தான் இருக்கிறது.)

முடிவு மூன்று: மௌரீன்...

5

பக்கத்து வீடு என்றது பொய். வித்யாலட்சுமி நான்தான். மௌரீன் பெயரை நீக்கிய அதே விரல்தான் இதைத் தட்டுகிறது. எழுதியதைத் திருப்பிப் படிக்கிறேன். நானா இப்படிச் செய்தேன்?

'மறுநாள்' என்று எப்போதோ நடந்து முடிந்ததுபோல் எழுதியதும் பொய். அது இன்று. இப்போது மணி பத்தேகால்.

இன்டர்காம் அடிக்கிறது. சுனில்தான்.

"மேடம், அக்கா இன்னும் நிக்கறாங்க. உள்ள விடட்டுமா, போகச் சொல்லட்டுமா?"

இரண்டு மணி நேரமாக நான் கதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். ரிசீவரை உங்களிடம் நீட்டுகிறேன். நீங்கள் பேசுங்கள்.