கிணற்றடியில் அண்ணா

ஆசிரியர் வேலைக்கு வதிவிடச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். நாளை கடைசி நாள். திருகோணமலையில் இதே வீட்டில் பிறந்து வளர்ந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். கிராம உத்தியோகத்தர் றுக்கியா மிஸ் வாக்காளர் இடாப்பைப் புரட்டினார்.

“உங்கட பேர் இல்லையே கஜந்தி. பிரகலாதன் எண்டு ஒருத்தர் இருக்கிறார்.”

பிரகலாதன் என் அண்ணா. பதினொரு வருடமாகக் கனடாவில் இருக்கிறான்.

“பின்னேரம் வீட்டுக்கு வாறன். ஆர் ஆர் இருக்கிறீங்கள் எண்டு பார்த்துத்தான் எழுதலாம்,” என்றார் மிஸ்.

வீட்டில் வாக்காளர் பதிவுப் படிவத்தை வருடாவருடம் நிரப்புவது அம்மா.

“அவன்ர பேரை வெட்டினா அவனுக்கு ஊரில்லாமப் போயிடும்,” என்றாள்.

“என்ர பேர்?”

“நீ கம்பஸுக்குப் போனனி. பிறகு எப்பிடியும் கலியாணம் கட்டி வெளிநாடு போறவள்தானே.”

எனக்கு ஒரு மாப்பிள்ளைகூட இன்னும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்காளர் அட்டை வரவில்லை என்று தபால்காரரைத்தான் திட்டியிருக்கிறேன். பாவம் அந்த மனுசன்.

மிஸ் வருவதற்குள் அம்மா அலுமாரியிலிருந்து அண்ணாவின் பழைய சேட்டை எடுத்து, நனைத்துக் கொடியில் போட்டுவிட்டாள்.

“மகன் எங்க?”

“கிணத்தடியில குளிக்கிறான், மிஸ்.”

மிஸ் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி குடித்து முடித்தார். கிணற்றடியில் வாளிச் சத்தம்கூட இல்லை.

“நல்லாத் தேய்ச்சுக் குளிக்கிறார் போல.”

அம்மா என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று கெஞ்சும் பார்வை. அவன் அங்கே இருந்துகொண்டு இங்கேயும் இருக்கலாம். நான் மட்டும் எங்கேயும் இருக்கக்கூடாதா?

“பதினொரு வருசமாக் குளிக்கிறார் மிஸ்,” என்றேன். “கனடாவில.”

மிஸ் சிரிக்கவில்லை. அண்ணாவின் பெயரை வெட்டச் சொல்லிக் குறிப்பெழுதி, கீழே என் பெயரைப் போட்டார். காலையில் வந்து சான்றிதழை எடுக்கச் சொன்னார்.

அவர் படலையைத் தாண்டவில்லை, அண்ணாவின் அழைப்பு.

“ஓம் தம்பி. இங்க எல்லாம் அப்பிடியே இருக்கு,” என்றாள் அம்மா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. போனை என்னிடம் தந்தாள்.

“என்னடி புதினம்?” என்றான்.

“வேலைக்குப் போகப்போறன்,” என்றேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அம்மா கொடியிலிருந்த சேட்டை எடுத்து, ஈரத்தோடேயே மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். நாளைக்கு நாறும். அதையும் நான்தான் தோய்க்கவேண்டும்.